நான் சொன்ன ‘யெஸ்’

2008 டிசம்பரில் கேரளத்துப் பொன்முடி மலையில் ஒரு வெளிநாட்டு அம்மா என் பேச்சை நம்பிக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார். நான் சொன்னது தப்பென்று சில நிமிடங்களிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் நான் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

அப்போது நாகர்கோவிலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வளைகுடா வேலைக்குக் காத்திருந்த பையன்களும் நர்சிங் முடித்த பெண்களுமாகப் பதினொரு பேர். வெள்ளைக்காரர்களோடு நேரில் பேசிப் பழகட்டும் என்று அவர்களைப் பொன்முடிக்குக் கூட்டிப்போனேன். திருவனந்தபுரம் தம்பானூரில் ஆனவண்டி பிடித்து (கேரள அரசுப் பஸ்ஸுக்கு அங்கே அதுதான் செல்லப்பேர், சின்னத்தில் இரண்டு யானை) நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாக ஏறினோம். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. மேலே சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் புல்மேடு. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பனி வந்து மூடிவிடும்.

சாயங்காலம் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். இதுதான் கடைசி என்று கண்டக்டர் முன்பே சொல்லியிருந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும், முதுகுப்பையோடு ஒரு அம்மா என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கேட்டார்: “இஸின்ட் தேர் அனதர் பஸ் ஆஃப்டர் திஸ்?”

இதற்கப்புறம் பஸ் இல்லையா என்று கேட்கிறார். ஆமாம், இல்லை. அந்த ஆமாம்தான் என் வாயில் ‘யெஸ், யெஸ்’ என்று வந்தது. நாம் கேள்வியை ஒத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்; ஜப்பான்காரர்களும் அப்படித்தான், ‘ஹை’ என்பார்கள். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் கணக்கில்லை. பஸ் இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ. “நோ, திஸ் இஸ் த லாஸ்ட் ஒன்” என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்து, “ஓ, லவ்லி, தேங்க் யூ” என்று சொல்லிவிட்டுப் பனியைப் பார்த்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. இருபதாவது வளைவுப் பலகை தாண்டும்போது பின் சீட்டிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்தான். வகுப்பில் வாயே திறக்காதவன். குனிந்து என் காதில் கேட்டான்: “சார், அந்த அம்மா வேற பஸ் உண்டுன்னு நெனச்சிட்டாங்களோ?”

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. வண்டி கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்டக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் சொன்னால், நான் சொல்லிக்கொடுக்கும் பாஷையில் ஒரு யெஸ், நோகூட எனக்குச் சரியாக வரவில்லை என்று பதினொரு பேருக்கும் தெரிந்துவிடும். “அவங்களுக்குத் தெரியும். நீ போய் உட்காரு” என்றேன். போய் உட்கார்ந்தான். பத்தொன்பது, பதினெட்டு என்று பலகைகள் இறங்கிக்கொண்டே வந்தன. மேலே விடுதி இருக்கிறது, யாராவது ஜீப்பில் ஏற்றிக்கொள்வார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கல்லாறு வருகிறவரைக்கும் எந்த இடத்திலும் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா அன்றிரவு எங்கே தங்கினார் என்று எனக்குத் தெரியாது.

பாஷைத் தப்பு யாருக்கும் வரும். அந்தப் பையனைப் பொய் சொல்லி உட்காரவைத்தேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பதினொரு பேரில் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கியவன் அவன் ஒருவன்தான். அவன் கேட்டது தப்பு என்று அவனையே நம்பவைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து என் வகுப்பு மாறியது, காரணத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. முதல் நாள் பாடமாக மூன்று வாக்கியம் வைத்தேன். புரியாவிட்டால், “சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?” புரிந்தது சரிதானா என்று பார்க்க, “டூ யூ மீன் தேர் இஸ் நோ பஸ்?” தப்பாகச் சொல்லிவிட்டால், “சாரி, ஐ டோல்ட் யூ ராங். லெட் மீ கரெக்ட் தட்.” மூன்றாவதை நூறு தடவை சொல்லவைப்பேன். ரயிலில் பக்கத்து சீட்டைக் காட்டி “டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?” என்று கேட்டால், உட்காரலாம் என்பதற்கு “நாட் அட் ஆல்” என்று சொல்ல வேண்டும், யெஸ் என்றால் ஆட்சேபம் என்று ஆகிவிடும் என்பதையும் சேர்த்தேன். வெளிநாடு போகிற நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் அது.

அந்தப் பையன் இப்போது தோஹாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் இருக்கிறான். ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்வான். “எல்லாம் நீங்க சொல்லித் தந்ததுதான் சார்” என்பான். போன பொங்கலுக்கும் சொன்னான். பொன்முடி என்ற பேர் நாக்கு நுனிவரை வந்தது. உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லி வைத்துவிட்டேன்.