உம்மாவின் சாவி

வாப்பா கட்டாரில் வேலை செய்வதால், எங்கள் வீட்டுக் காருக்கு உம்மாதான் சாரதி. உம்மம்மாவின் கிளினிக் நாளன்று ரிமோட்டை அழுத்தியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. உம்மா பதறவில்லை. பொனட்டோ கதவோ சரியாக மூடாவிட்டால், பாதுகாப்புக்காக ரிமோட் ஸ்டார்ட் இயங்காது. எல்லாம் மூடித்தான் இருந்தன. ரிமோட்டுக்குள் செருகியிருந்த சிறு சாவியால் கதவைத் திறந்தார். உள்விளக்கு பளிச்சென எரிந்தது.

"கார் பெற்றரி நல்லாத்தான் இருக்கு மகள், ரிமோட்டுடையதுதான் முடிஞ்சிருக்கு" என்றார்.

பிரேக்கை மிதித்தபடி ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிறகு பொத்தானை அழுத்தினார். கார் இயங்கியது. கிளினிக்குக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். வரும் வழியில் 3 வோல்ட் சீஆர் 2032 பெற்றரியொன்று வாங்கி மாற்றினோம்.

ஒவ்வொரு காரணமாக விலக்கிப் பார்ப்பதை விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறேன். அதன் பயனை உம்மாவிடம்தான் கண்டேன்.