பிரெஞ்சு வானம்பாடியும் ஒரு கேன் மண்ணெண்ணெயும்

பாண்டிச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, துய்ப்ளெக்ஸ் சிலை, மஞ்சள் சுவர் வீடுகள், அப்புறம்... சரி, அதை விடுங்கள் :-) இந்தியாவில் இருக்கும் பிரெஞ்சுச் சரக்கு இவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை லடாக் பக்கம் அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே பறக்கிற சீட்டா ஹெலிகாப்டரும் பிரெஞ்சுப் பிறவிதான்.

கதை 1962-ல் தொடங்குகிறது. அந்த ஆகஸ்ட் 16-ல்தான் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இரண்டே மாதத்தில் சீனாவோடு சண்டை. சாலையே சரியாக இல்லாத சுஷூலுக்கு டாங்கிகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். அந்த ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளும் பிரான்சில் வடிவமைக்கப்பட்டவைதான்! ஆனால் மலை உச்சியில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் காவல் முகாமுக்குப் பெரிய விமானம் எப்படிப் போகும்? அதற்குச் சின்னதாக, உயரத்தில் மூச்சு வாங்காத ஒரு வண்டி வேண்டும்.

1968 கடைசியில் இந்திய ராணுவத்தின் இந்தத் தேவைக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். அலுவெத்-2 என்ற ஹெலிகாப்டரின் உடம்பில் அலுவெத்-3-ன் என்ஜினையும் விசிறியையும் பொருத்தினார்கள். (அலுவெத் என்றால் வானம்பாடி. பிரெஞ்சு படிக்கிற பாண்டிச்சேரிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.) 1969 மார்ச் 17 அன்று அது பறந்தே விட்டது. பெயர் லாமா. 1972 ஜூன் 21-ல் ஜான் பூலே என்ற பைலட் அதில் 12,442 மீட்டர் உயரம் போனார். உச்சியில் என்ஜின் அணைந்துவிட்டது. காற்றில் தானாகச் சுழன்ற விசிறியை மட்டும் நம்பி, மனிதர் தரை வரைக்கும் பத்திரமாக இறங்கி வந்தார்! அதே லாமாதான் பெங்களூர் எச்.ஏ.எல்.லில் சீட்டா ஆனது.

12,000 மீட்டர் போன வண்டிக்கு 20,000 அடி, அதாவது சுமார் 6,100 மீட்டர், எம்மாத்திரம் என்று தோன்றும். பூலே போனது தேவையில்லாததை எல்லாம் கழற்றிப்போட்ட வண்டியில். சியாச்சினில் சுமை தூக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

20,000 அடியில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் பாதி கூட இல்லை. என்ஜினுக்கும் காற்று போதாது, விசிறிக்குப் பிடித்துத் தள்ளவும் காற்று போதாது. அதனால் பைலட்டுகள் கிலோ கிலோவாகக் கணக்குப் போடுகிறார்கள். போய்த் திரும்ப எவ்வளவு எரிபொருள் வேண்டுமோ அவ்வளவுதான். மிக உயரமான முகாம்களுக்கு இருபது, இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடுத்துப்போக முடியாத நாட்கள் உண்டு. அதாவது ஒரு கேன் மண்ணெண்ணெய்! அந்த ஒரு கேனுக்காக இரண்டு பேர் உயிரைப் பணயம் வைத்துப் போகிறார்கள். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் மேலே இருப்பவனுக்குப் பனியை உருக்கிக் குடிதண்ணீர் ஆக்குவது அந்த மண்ணெண்ணெய்தான், சோறும் அதில்தான், குளிர் காய்வதும் அதில்தான்.

இறங்குகிற இடமும் பாறையும் பனியுமாக ஒரு சின்னத் திட்டு. என்ஜினை அணைக்க மாட்டார்கள், மறுபடி கிளம்பாவிட்டால் கதை முடிந்தது. 1984 ஏப்ரலில் ஆபரேஷன் மேகதூத் தொடங்கியதிலிருந்து 2003 நவம்பர் சண்டை நிறுத்தம் வரை எதிர்ப்பக்கத்துப் பீரங்கிகளுக்கும் அந்தத் திட்டுகள் நன்றாகத் தெரியும். அரை நிமிடத்துக்குள் சாமானைத் தள்ளிவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு இரண்டாகத்தான் பறப்பார்கள். ஒன்று விழுந்தால் எங்கே விழுந்தது என்று சொல்லவாவது இன்னொன்று வேண்டுமே. மேலே போகும்போது மண்ணெண்ணெய், கீழே வரும்போது நுரையீரலில் நீர் கோத்தவன், விரல் கருகியவன். அங்கே குண்டைவிடக் குளிரும் உயரமும் கொன்றவர்கள்தான் அதிகம்.

இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாமிலிருந்து சீனாவின் குன்மிங்குக்கு இமயத்தைத் தாண்டிச் சரக்குக் கொண்டுபோன அமெரிக்க விமானிகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். சுமார் 600 விமானங்கள் போயின, பெரிய தியாகம்தான். ஆனால் அந்த வேலை 1942-ல் தொடங்கி 1945-ல் முடிந்தது, பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சியாச்சினில் பீரங்கி ஓய்ந்த பிறகும் மண்ணெண்ணெய் போயாக வேண்டும்.

கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. சீட்டாவுக்கு ஒற்றை என்ஜின், வடிவமைப்பு அறுபதுகளுடையது. மாற்று வேண்டும் என்று எத்தனை வருடமாகப் பேச்சு! ரஷ்யாவோடு 2015-ல் காமோவ் ஹெலிகாப்டருக்கு ஒப்பந்தம் போட்டு, அது நகரவே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் சில மாதத்தில் லாமாவைப் பறக்கவிட்ட கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். (ஏற்கெனவே இருந்த இரண்டு வண்டிகளை ஒட்டியதுதான் என்று வாதாடலாம். இருக்கட்டுமே.)

எச்.ஏ.எல்.லின் புதிய இலகு ரக ஹெலிகாப்டர் முதன்முதலில் பறந்தது 2016-ல். 2020-ல் சியாச்சினின் அமர், சோனம் என்ற உச்சித் தளங்களில் அது சோதனைக்காக இறங்கியும் காட்டியது.

2023 மார்ச் 16 காலை அருணாசலப் பிரதேசத்தில் பொம்டிலாவுக்கு மேற்கே ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து லெப்டினன்ட் கர்னல் ரெட்டியும், தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தைச் சேர்ந்த மேஜர் ஜெயந்தும் இறந்தார்கள். அவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தது சீட்டா.