றோலர் கதவு திறந்த கதை

சோனகத் தெருவில் இரண்டு நாளாக ஒரு கதை ஓடுகிறது: "சேர் பிள்ளைகளுக்குக் கடை உடைக்கப் படிப்பிக்கிறாராம்." நடந்ததை நாங்களே எழுதிவிடுகிறோம்.

கடை வைத்திருக்கும் நானா ஒருவரின் றோலர் கதவுக்கு இரண்டு றிமோட். ஒன்று தொலைந்துவிட்டது. சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள் மூவர் அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆர்டுயினோ பழகுவது அவருக்குத் தெரியும். "இதுக்கு ஒரு கொப்பி அடிச்சுத் தாங்களேன்" என்று வந்தார்.

அடித்தோம். 433 மெகாஹேட்ஸ் ரிசீவர் ஒன்றை ஆர்டுயினோவில் கொழுவி றிமோட்டை அழுத்தினால், கணினித் திரையில் ஓர் எண் வரும். மறுபடி அழுத்தினால் அதே எண். நாளைக்கும் அதே எண்தான். உள்ளே இருக்கும் சிப், 24 பிட் கொண்ட ஒரே செய்தியை நீண்ட துடிப்பும் குறுந்துடிப்புமாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 20 பிட் அந்த றிமோட்டின் அடையாளம், மிச்சம் 4 எந்தப் பொத்தான் என்பது. மோட்டாருக்கு ஆளைத் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். அதே எண்ணை அனுப்ப இன்னொரு சின்னப் பலகை, அன்ரனாவுக்கு 17 சென்ரிமீற்றர் வயர். கடை வாசலில் பிள்ளை பொத்தானை அழுத்த, கதவு மேலே போனது.

நானா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப நான் திறக்கக்குள்ள ரோட்டுல நிண்ட ஒருத்தன் இத புடிச்சிருந்தா?"

பிடிக்கலாம். இது எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த குறை இல்லை, உலகம் அறிந்தது. இதற்காகவே ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும் கீலாக் முறை 1980களில் தென்னாபிரிக்காவில் உருவானது. பல கார்ச் சாவிகள் அப்படி எண் மாற்றுபவை. அவற்றையும் 2015இல் சாமி கம்கார் என்ற அமெரிக்கர் ஏமாற்றிக் காட்டினார்: காருக்குக் கேட்காதபடி இரைச்சல் போட்டு, பயன்படாத ஓர் எண்ணைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்வது. மலிவான கதவு றிமோட்டுக்கு அந்த வித்தையே தேவையில்லை.

கதை பரவியதும் மூவரில் ஒருவனின் உம்மா அவனுடைய பலகையை அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு முஸ்லிம் பொடியனின் பையில் வயரும் பொத்தானும் இருந்தால் என்ன கேள்வி வரும் என்பது 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களைக் கண்ட எவருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக்கு அதைவிடப் பழைய பயங்களும் உண்டு. போர்க்காலத்தில் பற்றரியே தடைப் பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் சனம் றேடியோ கேட்டது. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பங்கள் அப்போது புத்தளத்தில். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். டைனமோ சுற்றிய பொடியன்களை அவர் இன்றைக்கும் கெட்டிக்காரர் என்றுதான் சொல்கிறார்.

எங்கள் பக்கமும் பிழை உண்டு. பெற்றோரிடம் முதலே சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் பார்க்கத் தெருவில் வைத்துத் திறந்ததும் சரியில்லை.

நானாவின் மோட்டார்ப் பெட்டியில் பதிந்திருந்த எல்லாவற்றையும் அழித்து, மிச்சமிருந்த றிமோட்டை மட்டும் மறுபடி பதிந்தோம். தொலைந்ததை எடுத்தவர் இனித் திறக்க முடியாது. ஆனால் காற்றில் பிடிப்பதை இது தடுக்காது. எண் மாறும் ரிசீவர் போடும்வரை இரவில் கீழே ஆமைப்பூட்டும் போடுகிறார். (பூட்டைக் கழற்றாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள், கதவு வளைந்துவிடும்.) நாங்கள் செய்த கொப்பி அவர் கையில்தான் இருக்கிறது. கணினியில் இருந்த எண்ணை அவர் முன்னாலேயே அழித்தோம்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டு வாசலில் மேசை போட்டு இருப்போம். உங்கள் றிமோட்டைக் கொண்டு வாருங்கள், எண் மாறுகிறதா இல்லையா என்று பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் சொல்வார்கள். எண்ணைச் சேமிக்க மாட்டோம். கதவின் சொந்தக்காரரே வர வேண்டும். அந்த உம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறோம், பலகையோடு.