தேவகிரியின் இருட்டு வழி

எல்லோராக் குகைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பாதி வழியில் ஒரு மலையைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொல்வது வழக்கம். சமவெளியின் நடுவே தன்னந்தனியாக, கவிழ்த்து வைத்த கூம்பைப் போல, சுமார் 600 அடி உயரத்துக்கு நிற்கிறது அது. அடிவாரத்தைச் சுற்றிலும் பாறையைச் செதுக்கிச் செங்குத்துச் சுவராக்கியிருக்கிறார்கள். பல்லிக்குக்கூட ஏறப் பயமாயிருக்கும்! யாதவ மன்னர்களின் தலைநகரான தேவகிரி இதுதான். 1327-ல் டில்லியிலிருந்து தலைநகரை இங்கே மாற்றிய முகம்மது பின் துக்ளக், தௌலதாபாத் என்று பெயரிட்டார். ஔரங்காபாத் என்று நாம் பூகோளத்தில் படித்த ஊருக்கு இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர். அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான்.

நான் போனது சரித்திரத்துக்காக அல்ல, பொறிகளுக்காக.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு விளையாட்டு உண்டு. நாலு தோழிகள் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். இவள் கதை நடத்துவாள். ஒருத்தி வீராங்கனை, ஒருத்தி மந்திரவாதி, ஒருத்தி திருடி! "எதிரே ஒரு கதவு" என்பாள் இவள். "நான் காதை வைத்துக் கேட்கிறேன்" என்பாள் திருடி. பலிக்குமா, பலிக்காதா என்று பகடை சொல்லும். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று வெளியிட்டார்களே, அந்த வகை விளையாட்டு.

சென்ற மாதம் இவள் அரும்பாடுபட்டு ஒரு பாதாளக் கோட்டை கட்டினாள். கால் மணி நேரத்தில் நாலு பேரும் செத்துப் போனார்கள். அடுத்த ஞாயிறு வந்தது இரண்டே பேர். அவர்களும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பி விட்டார்கள். பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சித்தி, நிஜப் பொறி எப்படி இருக்கும் என்று பார்த்து வந்து சொல்லுங்கள்" என்றாள்.

வாருங்கள், உள்ளே போவோம். வாயிற் கதவுகளில் ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு முட்கள். யானை நெற்றியால் முட்டித் திறக்காமல் இருப்பதற்காக. வழியும் நேராகப் போவதில்லை. திரும்பித் திரும்பிப் போகிறது. யானை ஓடி வந்து மோத இடம் வேண்டுமே! அப்புறம் பாறையில் வெட்டிய அகழி. அதைத் தாண்டினால்தான் 'அந்தேரி' என்னும் இருட்டு வழி.

அப்பப்பா, அந்த இருட்டு! மலையைக் குடைந்து படிகள். ஒரு படி முழ உயரம், அடுத்தது சாண் உயரம். தலைக்கு மேல் வௌவால்களின் சிறகடிப்பு. கூடவே அவற்றின் நாற்றம். (மூக்கைப் பொத்தக் கைக்குட்டை அவசியம்.) வழிகாட்டி கைவிளக்கை அணைத்தார். தூரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. "எங்கே போவீர்கள், அம்மா?" என்று கேட்டார். வெளிச்சத்தை நோக்கித்தான், வேறு எங்கே போவது? "அப்படித்தான் எதிரியும் போவான். அந்தத் திறப்புக்கு அப்பால் தரை கிடையாது; நேரே அகழிதான்" என்றார். சரியான வழியில் போனவனுக்கும் தப்பில்லை. மேல் வாசலை இரும்பு மூடியால் அடைத்து நெருப்பு மூட்டினால், புகை சுரங்கத்தை நிறைத்துவிடுமாம்.

ராஜாவுக்கு இதைவிட உத்தமமான பொறி கிடையாது. விளையாட்டுக்கோ, இதைவிட மட்டமான பொறியும் கிடையாது! விழுகிறவனுக்கு ஏன் விழுந்தோம் என்றே தெரியாதே. கைகாக்ஸே இப்படி ஒன்று செய்திருக்கிறார். 1975-ல் ஒரு போட்டிக்காக எழுதி 1978-ல் புத்தகமாக வந்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறையில் ஒரு பச்சைப் பிசாசு முகம் வாயைத் திறந்து வைத்திருக்கும். வழி என்று நினைத்து உள்ளே நுழைந்தவன் சூனியமாகி விடுவான். புகழ் பெற்ற பொறிதான். ஆனால் நம் வீட்டு மேஜைக்கு அது ஆகாது.

தொடர்கதை படிக்கும் நமக்கு இது புரியாதா என்ன? துப்பறியும் கதையில் கடைசி அத்தியாயத்தில் திடீரென்று முளைத்தவன் கொலைகாரன் என்றால் பத்திரிகையைத் தூக்கி எறிவோம். மூன்றாம் அத்தியாயத்திலேயே பால் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனவன் என்றால், "அடடா, கண்ணெதிரே இருந்தானே!" என்று சந்தோஷப்படுவோம். பொறியிலும் அந்த "அடடா" வேண்டும். ஒரு தடயம் போதாது. அதை யாரும் கவனிக்காமலே போய்விடலாம். ஒரே பொறிக்கு மூன்று தடயங்களாவது வேண்டும். விழுந்தாலும் உடனே உயிர் போகக் கூடாது. தொங்கிக்கொண்டு கூச்சல் போட ஒரு விளிம்பு, கயிறு வீச ஒரு தோழி. அப்போதுதானே கதை?

இன்னொன்றும் உண்டு. கதை நடத்துகிறவள் தான் நினைத்த விடையைத்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. தேவகிரியையே பாருங்கள். 1296-ல் அலாவுதீன் கில்ஜி முற்றுகையிட்டபோது, அவசரமாக உள்ளே கொண்டுபோன மூட்டைகளில் தானியத்துக்குப் பதில் உப்பு இருந்ததாம்! ராமச்சந்திர ராஜா பணிய நேர்ந்தது. 1633-ல் மொகலாயர் வந்தபோது, வெளி மதில்களை வெடிமருந்து தகர்த்தது. உள்ளே இருந்தவர்களைப் பசி பணிய வைத்தது. உப்பு மூட்டையோடு ஒரு தோழி வந்தால், அவளுக்குக் கோட்டையைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஊர் திரும்பியதும் அக்கா மகளும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து அந்தேரியைத் திருத்தினோம். வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து அகழி நீரின் பாசி வாடை வரும். ஒரு கல் உருண்டால், சற்று நேரம் கழித்துத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும். மூன்றாவது தடயம் அவளுடைய சொந்த யோசனை: காவல்காரர்கள் தினம் நடக்கும் வழியில் படிகளின் நடுப்பகுதி தேய்ந்திருக்கும், வெளிச்சம் வரும் பக்கத்துப் படிகள் தேயவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரையும் கெஞ்சி வரவழைத்தாள். வாடையை யாரும் சட்டை செய்யவில்லை. கல்லும் விழுந்தது, கவனிக்கவில்லை. வீராங்கனை வெளிச்சத்தை நோக்கி நாலு படி ஏறிவிட்டாள். நான் சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போது திருடி வேஷக்காரி மெதுவாகக் கேட்டாள்: "இருடி... இந்தப் படி தேய்ந்திருக்கா?"

"இல்லை" என்றாள் என் அக்கா மகள்.

அவ்வளவுதான், நாலு பேரும் ஒரே சமயத்தில் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.