பின்னோக்கி ஓடும் தேர்

வீடியோ கேம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் பெற்றோரின் முகம் சுருங்குவதையும், சகோதரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மை ஒரு பார்வை பார்ப்பதையும் நாங்கள் நன்கு அறிவோம். பள்ளியின் ஆண்டு மலரில் அதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வியக்க வேண்டாம். டுமீல், டுமீல் என்று சுட்டுத் தள்ளும் ஆட்டத்தைப் பற்றி நாங்கள் எழுதப் போவதில்லை. ஆடுபுலி ஆட்டத்தையும் சதுரங்கத்தையும் போல, கட்டம் கட்டமாகக் காய் நகர்த்தி, ஒரு நீண்ட கதையின் வழியே நடந்து செல்லும் ஆட்டம் ஒன்று உண்டு. பதினைந்து ஆண்டுகள் கழித்து அதைக் கைக்கு அடக்கமான ஒரு கருவிக்காகப் புதுப்பித்தார்கள். அப்போது அதில் நுழைந்த ஒரு மாற்றம் எங்கள் வீட்டில் பல நாள் வாக்குவாதத்திற்குக் காரணமாயிற்று. 'நாங்கள்' என்பது அக்காள் தங்கை இருவர். மூத்தவள் பத்தாம் வகுப்பு, இளையவள் எட்டாம் வகுப்பு. கருவி ஒன்றுதான், ஆகையால் ஒருத்தி பொத்தானை அழுத்த, மற்றவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து யோசனை சொல்வாள்.

ஆட்டத்தின் பெயர் 'டாக்டிக்ஸ் ஓகர்'. 1995 அக்டோபரில் ஜப்பானில் குவெஸ்ட் என்னும் சிறிய நிறுவனம், டி.வி.யில் இணைத்து ஆடும் சூப்பர் ஃபாமிகாம் இயந்திரத்திற்காக இதை வெளியிட்டது. இயக்கியவர் யசுமி மட்சுனோ. 'லெட் அஸ் கிளிங் டுகெதர்' என்னும் இதன் துணைத்தலைப்பு, குயின் என்ற ஆங்கில இசைக்குழுவின் 1976ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. அக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி நம் நாட்டில் பாஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர் என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம். விடுதி மாணவியர் மகிழட்டும்.

கதை நடப்பது வலேரியா என்னும் கற்பனைத் தீவில். மன்னர் இறந்தபின் அங்கே வாழும் மூன்று இனத்தாரும் ஒருவரோடொருவர் போர் புரிகிறார்கள். அவர்களில் மிகச் சிறிய இனமான வாலிஸ்டர் இனத்துச் சிறுவன் டெனாம்தான் கதாநாயகன். அவனுடன் அவன் அக்காள் காத்தியுவாவும் தோழன் வைஸும் இருக்கிறார்கள். தங்கள் ஊரை எரித்த வீரனைப் பழிவாங்க மூவரும் பதுங்கியிருக்கிறார்கள். ஆனால் வந்தவனோ அதே பெயருள்ள வேறொருவன்! இப்படித்தான் கதை தொடங்குகிறது. 1990களில் யூகோஸ்லாவியா சிதறி, நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்தவர்கள் ஒருவரையொருவர் கொன்ற செய்திகளே இக்கதைக்குத் தூண்டுதல் என்று மட்சுனோ கூறியிருக்கிறார். ஆட்டம் வெளியாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1995 ஜூலையில், அந்நாட்டின் ஒரு பகுதியாக இருந்த போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா என்னும் ஊரில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். இதை அறிந்தபின் 'வெறும் விளையாட்டுத்தானே' என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

பழைய ஆட்டம் எப்படி இருந்தது என்பதைச் சிங்கப்பூரில் வேலை செய்யும் பெரியப்பா மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். 1998இல் வந்த ஆங்கிலப் பிளேஸ்டேஷன் பதிப்பை அவர் ஆடியிருக்கிறார். அதில் ஒரு வீரனின் உயிர் தீர்ந்தால் அநேகமாகத் தீர்ந்ததுதான். மீட்கும் வழி மிக அரிது. பல மணி நேரம் பாடுபட்டு வளர்த்த வில்லாளி ஒரே அம்பில் போய்விடுவானாம். அண்ணன் உடனே இயந்திரத்தை நிறுத்தி, முன்பு சேமித்த இடத்திலிருந்து போர் முழுவதையும் மறுபடி நடத்துவாராம். "அந்தச் சோம்பலுக்குப் பயந்தே பத்துத் தடவை யோசித்துத்தான் காயை நகர்த்துவேன்" என்றார். அதில் பயிற்சி என்று ஒரு வசதியும் இருந்தது. சொந்தப் படையை இரண்டாகப் பிரித்து மோத விடலாம். மாவீரர்கள் எல்லாரும் நின்ற இடத்தில் நின்று ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்தே பலசாலி ஆகிவிடுவார்களாம்! பழைய ஆங்கிலப் பதிப்பில் கதாநாயகன் பெயர் டெனிம், தோழன் பெயரை எழுதினால் 'தீயொழுக்கம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். ஜீன்ஸ் துணியும் கெட்ட பழக்கமும் சேர்ந்து நாட்டை மீட்டது என்று அண்ணன் சிரிப்பார்.

இனிப் புதியதற்கு வருவோம். மட்சுனோவும் அவருடைய தோழர் சிலரும் ஆட்டம் முடிந்ததும் குவெஸ்டை விட்டு ஸ்கொயர் நிறுவனத்துக்குச் சென்றார்கள். 2002இல் குவெஸ்டே ஸ்கொயரின் கைக்கு வந்தது. அந்நிறுவனம் ஸ்கொயர் எனிக்ஸ் ஆன பிறகு, ஏற்கெனவே வெளியேறியிருந்த மட்சுனோவை மீண்டும் அழைத்து, 2010 நவம்பரில் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்னும் கைக்கருவிக்காக இதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். 2011இல் ஆங்கிலப் பதிப்பு வந்தது. அந்தக் கருவியின் விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்களிடம் இருப்பது அண்ணன் கொடுத்தது. திரை நான்கரை அங்குலம்கூட இல்லை. மலைச் சரிவில் யார் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் தவிக்காதபடி, போர்க்களத்தை நேர் மேலிருந்து பார்க்கும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். அம்மா கூப்பிட்டால் பக்கத்துப் பொத்தானைத் தள்ளிவிட்டு ஓடலாம். நடுப்போரில் எல்லாரும் அப்படியே உறங்குவார்கள். ஆங்கிலம் மட்டும் கடினம். மொழிபெயர்த்த அலெக்சாண்டர் ஸ்மித்தும் ஜோசப் ரீடரும் பழங்கால நாடகத்தின் நடையில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆடினோம். இக்காட்சியைக் கண்டு அப்பா சற்றே சமாதானம் அடைந்தார்.

எங்களுக்குப் பிடிக்காத மாற்றமும் ஒன்றுண்டு. முன்பு ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனியே தேர்ச்சி நிலை இருந்தது. புதியதில் நிலை என்பது ஆளுக்கன்று, தொழிலுக்கு. வில்லாளர் எல்லாருக்கும் ஒரே நிலை, மந்திரவாதிகள் எல்லாருக்கும் ஒரே நிலை. இன்று சேர்ந்த வில்லாளி, நேற்றுவரை உழைத்தவனுக்குச் சமமாகிவிடுகிறான். அது போகட்டும். கதையின் பிற்பகுதியில் புதுத் தொழில் ஒன்று கிடைத்தால், அது முதல் நிலையிலிருந்து தொடங்கும். இருபதாம் நிலைப் பகைவர் நடுவே ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பரீட்சைக்கு உட்கார வைத்தாற்போல இருக்கிறது. 2022இல் மறுபடி ஒரு புதிய பதிப்பு வந்தபோது இதை விட்டுவிட்டு ஆளுக்கொரு நிலையையே திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பதிலிருந்தே, குறை எங்கள் கண்ணுக்கு மட்டும் பட்டதன்று எனத் தெரிகிறது.

வாக்குவாதத்திற்குக் காரணமான மாற்றம் வேறு. அதன் பெயர் தேர். டாரட் என்னும் ஐரோப்பியச் சீட்டுக்கட்டில் ஏழாவது சீட்டின் பெயர் அது. போரின் நடுவே தேரை அழைத்தால் காலம் பின்னோக்கி ஓடும். 50 முறைகள் வரை பின்னால் சென்று, வேண்டிய இடத்தில் இறங்கி, வேறு விதமாகக் காய் நகர்த்தலாம். அந்தப் புதுவழி பிடிக்காவிட்டால் முன்பு விட்டுவந்த பழைய வழிக்கே திரும்பவும் முடியும். ஐம்பது என்றதும் மலைக்க வேண்டாம். இரு தரப்பிலும் சேர்த்து இருபது பேர் நிற்கும் போரில், ஒவ்வொருவரும் ஆடுவது ஒரு முறையாகக் கணக்காகும். எனவே ஐம்பது முறை என்பது இரண்டரைச் சுற்றுதான். இதோடு சாவையும் இளக்கியிருக்கிறார்கள். விழுந்தவனின் தலைக்கு மேல் 3 என்னும் எண் தோன்றிக் குறையத் தொடங்கும். அது தீர்வதற்குள் மருந்தாலோ மந்திரத்தாலோ எழுப்பிவிடலாம். எழுப்பாவிட்டால் அவனுக்குரிய மூன்று உயிர்களில் ஒன்று போகும். மூன்றும் போனபின்தான் அவன் திரும்பி வரமாட்டான்.

இளையவளுக்குத் தேர் மிகவும் பிடித்துவிட்டது. பாலத்தின்மேல் யாரை முன்னிறுத்துவது என்பதை நான்கு விதமாகச் செய்து பார்த்து, சிறகுள்ள வில்லாளி கனோபஸை உயரத்தில் வைத்தால் பாதிப் போர் முடிந்தது என்று அவளே கண்டுபிடித்தாள். பயந்து பயந்து ஆடினால் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வோம், பயம் போனால்தான் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் துணிவு வரும் என்பது அவள் கட்சி. மூத்தவளோ, சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும் என்னும் விதியில் வளர்ந்தவள். அவள் கேட்டது வேறு: "விழுந்தவன் எப்படியும் எழுவான் என்று தெரிந்தபின், அவன் பெயரை யார் நினைவில் வைப்பார்கள்?" ஆறாவது போரிலிருந்து எங்களுடன் இருந்த வேல்வீரன் ஒருவன். குறி தவற வாய்ப்பே குறைவு என்று திரை காட்டிய அடி தவறி, எதிரியின் அம்பு பட்டு அவன் மூன்றாம் உயிரையும் இழந்தான். தேரை அழைத்தால் ஒரு நிமிட வேலை. அன்று இரவுச் சாப்பாடுவரை கருவியைத் திறந்தபடியே வைத்து வழக்காடினோம். கடைசியில் அழைத்தோம், அவன் பிழைத்தான். ஆயினும் அதற்குப் பிறகு இருவருமே அவனை முன்வரிசையில் நிறுத்துவதில்லை. ஏன் என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தேர் ஏற முடியாத இடம் ஒன்று கதையில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தின் முடிவில் பால்மமூசா என்னும் ஊர் வருகிறது. பகைவரிடம் சிறைப்பட்டு உழைக்கும் வாலிஸ்டர் மக்களைக் கிளர்ந்தெழச் சொல்லும்படி டெனாமை அவன் தலைவர் ரான்வே பிரபு அனுப்புகிறார். களைத்துப்போன அம்மக்கள் மறுக்கிறார்கள். உடனே லியோனார் என்னும் வீரர் அருகில் வந்து பிரபுவின் இரகசியக் கட்டளையைச் சொல்கிறார்: சொந்த இனத்தாராகிய இவர்களை எல்லாம் கொன்று, பழியைப் பகைவர்மேல் போட வேண்டும், அந்தக் கோபத்தில் இனம் ஒன்றுபடும். உடன்படுகிறாயா, மறுக்கிறாயா என்று திரை கேட்கிறது. எங்கள் இருவர் கையும் பொத்தானில் இல்லை. உடன்பட்டால் வைஸ் வெகுண்டு பிரிந்து போகிறான். மறுத்தாலோ, அதே வைஸ் கட்டளைக்கு உடன்பட்டு எதிர்ப்பக்கம் நிற்கிறான். செய்யாத கொலைக்கு டெனாம் தேடப்படுகிறான். எந்தப் பதிலைச் சொன்னாலும் ஊர் அழிகிறது. தேர் போர்க்களத்துக்கு மட்டுமே உரியது; இந்தக் கேள்விக்கு அது வராது. கட்டளையை எதிர்க்கும் ராவ்னெஸ் என்னும் வீராங்கனையையும் புதிய பதிப்பில்தான் சேர்த்திருக்கிறார்கள். சின்னத் தப்பு எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, இங்கே மட்டும் கையைக் கட்டிவிட்டதால் பால்மமூசா முன்னிலும் கனத்துவிட்டது என்றே எங்களுக்குப் படுகிறது. இதை இருவருமே ஒப்புக்கொண்டோம். இது அபூர்வம்.

கதையை ஒரு முறை முடித்தவர்களுக்கு 'உலகம்' என்னும் இருபத்தொன்றாம் சீட்டு கிடைக்கிறது. அதைக்கொண்டு கதையின் முக்கியமான கிளைகளுக்குத் திரும்பிச் சென்று, மற்றப் பதிலைச் சொல்லிப் பார்க்கலாம். பழைய ஆட்டத்தில் இதற்கு ஆதியிலிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் இதை முதலில் பயன்படுத்தியது காத்தியுவாவுக்காக. பிற்பகுதியில் அவள் பிழைப்பதும் பிழைக்காததும் தம்பி சொல்லும் சில பதில்களைப் பொறுத்தது. (அவள் உண்மையில் யார் என்ற இரகசியத்தை இங்கே உடைக்க மாட்டோம்.) எங்கள் முதல் கதையில் அவள் பிழைக்கவில்லை. அக்காளை இழந்த தம்பியின் கதையை அக்காளும் தங்கையுமாக உட்கார்ந்து பார்ப்பது எளிதாக இல்லை. திரும்பிச் சென்றோம், அவள் பிழைத்தாள், மகிழ்ந்தோம். ஆனால் இந்தப் பயணத்தில் படை மாறுவதில்லை. ஒரு பாதையில் நம்மோடு சேர்ந்தவர்கள் இன்னொரு பாதைக்கும் உடன் வருகிறார்கள். பாசறையில் வரிசையாக நின்ற அவர்களைப் பார்த்து இளையவள் கேட்டாள்: "இவங்களுக்கு முன்னாடி நடந்தது ஞாபகம் இருக்குமா அக்கா?" மூத்தவளிடம் பதில் இல்லை.

2022ஆம் ஆண்டுப் பதிப்பிலும் தேரை எடுக்கவில்லை. அதில் பாத்திரங்கள் குரல் கொடுத்துப் பேசுகிறார்களாம். எங்கள் கருவியில் அது ஓடாது. இப்போது உலகச் சீட்டின் உதவியால் பால்மமூசாவுக்குத் திரும்பி, மறுத்துவிட்ட பாதையில் நிற்கிறோம். டெனாமின் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள். ஒரு போருக்கு ஒரு முறைக்கு மேல் தேரை அழைப்பதில்லை என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒப்பந்தம் எழுதி இருவரும் கையொப்பமிட்டிருக்கிறோம். கருவி அம்மாவின் பீரோவில் இருக்கிறது. பொதுத்தேர்வு முடிந்த பிறகுதான் வெளியே வரும்.