நாலு பல்

மேஜைமேல் அவளுடைய பல்வரிசை, வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்தது. சிங்கப்பல் இரண்டும் வரிசைக்கு வெளியே ஏறி நின்றன. கீழ் முன்பற்கள், டவுன் பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் மாதிரி, ஒன்றன் தோளில் ஒன்று.

அவளுக்குப் பத்தொன்பது இருக்கலாம். வாயே திறக்கவில்லை. பேச்செல்லாம் அம்மாவும் தாய்மாமாவும்தான்.

"நாலு பல்லா? சொத்தை இல்லாத நல்ல பல்லையா?"

"தாடையையே ஆபரேஷன் பண்ணிப் பெரிசாக்கிட்டா எல்லாப் பல்லும் உக்காந்துடும்ல டாக்டர்? பணம் நான் பாத்துக்கறேன்."

டாக்டரம்மா பக்கவாட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். மூக்கும் உதடும் நிழலாகத் தெரிந்தன.

"மேல்தாடையும் கீழ்தாடையும் ஒண்ணுக்கொண்ணு சரியாத்தான் இருக்கு சார். அது முன்னபின்ன இருந்தாத்தான் ஆபரேஷன். எலும்பை அறுத்து, நகர்த்தி, டைட்டானியம் பிளேட் வச்சு ஸ்குரூ போடணும். சில வாரம் கஞ்சி, ஜூஸ்தான். கீழ் உதடு மரத்துப்போனா, சிலருக்கு உணர்ச்சி முழுசாத் திரும்பறதே இல்ல. அதுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கிளிப் போட்டே ஆகணும்."

கிளிப் எப்படியும் உண்டு என்றதும் மாமாவின் வேகம் பாதியாகக் குறைந்தது.

டாக்டர் அச்சில் ஸ்கேலை வைத்துக் காட்டினார். கீழ்வரிசையில் 9 மி.மீ. பற்றாக்குறை. சிங்கப்பல்லுக்கு அடுத்த பல் ஏறக்குறைய 7 மி.மீ.; பக்கத்துக்கு ஒன்று எடுத்தால் 14. மிச்ச இடத்தில் முன்பற்களைச் சற்று உள்ளே இழுக்கலாம்.

"மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்னு எங்க அத்தை..." அம்மா இழுத்தாள்.

"கண் நரம்பு வேற, பல் நரம்பு வேறம்மா."

அடுத்த நாற்காலியில் என் வாய் நிறையப் பஞ்சு. நல்லவேளை, சிரிக்க முடியவில்லை. அத்தையைக் கேலி செய்யவும் கூடாது. நல்ல பல்லைப் பிடுங்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவர், இந்த வைத்தியத்துக்கே அடித்தளம் போட்ட அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள். அவரிடம் படித்த சார்லஸ் ட்வீட்தான், பிடுங்காமல் சீர்செய்த பற்கள் பலருக்கு நிலைக்காததைப் பார்த்துவிட்டு, இதே நாலு பல்லை எடுத்து மறுபடி செய்தார்.

மடியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "மூஞ்சி ஒட்டிப்போயிடுமா மேம்?"

"கிடைக்கிற இடத்துல பெரும்பகுதி நெரிசலுக்கே போயிடும். உதடு லேசா உள்ள வரும், அவ்வளவுதான்."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் மகள், "செமஸ்டர் முடிஞ்சு வரேன் மேம். நாலும் ஒரே நாள்லயா?" என்றாள்.

"இல்ல. முதல்ல வலப்பக்கம், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. அப்பத்தான் இடப்பக்கம் மென்னு சாப்பிடலாம்."

கிளிப்புக்குத் தவணை உண்டா என்று விசாரிக்க மாமா வெளியே போனார்.