நான்காமவர்

நுழையும்முன்

நோய் தீர்ப்பவர் என்றதும் மருத்துவரே நம் நினைவிற்கு வருகிறார். மாணவர்களின் உடல்நலத்தையும் அதன்வழி அவர்தம் கல்வியையும் காக்கும் செவிலியரின் பணியை, திருவனந்தபுரத்தை நிலைக்களனாகக் கொண்டு இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சொல்லும் பொருளும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிலிருந்து துணைபுரிபவரையும் அவர் சேர்த்து எண்ணுகிறார். மருத்துவரும் மருந்தும் இருந்தால் போதும் என்று அவர் கருதவில்லை. இன்று நாம் செவிலியர் என்று அழைப்பவர் அந்த நான்காமவரின் வழியில் வந்தவரே.

‘செவிலி’ என்னும் சொல்லும் பழமையானது. சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய் செவிலித்தாய் எனப்படுகிறாள். தலைவியின் உடல் மெலிவதையும் முகம் வாடுவதையும் முதலில் கண்டுகொள்பவள் அவள். அதன் காரணத்தை அறியத் தோழியிடம் உசாவுபவளும் அவளே. மாற்றத்தைக் காண்பதும் காரணத்தைக் கேட்பதும் ஆகிய இவ்விரண்டும் இன்றுவரை செவிலியர் பணியின் அடிப்படையாக விளங்குகின்றன.

திருவனந்தபுரம் கண்ட முன்னோடி

திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய திருவனந்தபுரத்தில் பெண்கள் உயர்கல்வி பெறுவது ஒரு காலத்தில் எளிதாக இருக்கவில்லை. மேரி புன்னன் லூக்கோஸ் என்னும் மாணவி அங்குள்ள மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில விரும்பினார். பெண் என்னும் காரணத்தால் அவ்வாய்ப்பு மறுக்கப்படவே, வரலாறு பயின்று பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் கற்று, 1916ஆம் ஆண்டு தாயகம் திரும்பித் தைக்காடு பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பணியேற்றார்.

ஒரு மருத்துவர் தனித்து நின்று ஒரு நாட்டின் தாய்மார் அனைவரையும் காத்துவிட இயலாது. இதனை உணர்ந்த அவர், பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சிகளின் மகள்களைத் தேர்ந்து அவர்களுக்கு முறையான பயிற்சி அளித்தார். 1938ஆம் ஆண்டு திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியாக உயர்ந்தார். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை நிறுவினார். நான்காமவரை உருவாக்குவதும் மருத்துவரின் கடமையே என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

வகுப்பறைக்கு மீட்டல்

மாணவர் நலனில் செவிலியர் ஆற்றக்கூடிய பங்கை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி நியூயார்க் நகரில் நடந்தது. 1902ஆம் ஆண்டு அங்குள்ள பள்ளிகளில் மருத்துவர்கள் குழந்தைகளைச் சோதித்து, கண்ணோயும் தோல்நோயும் உடையவர்களை வீட்டுக்கு அனுப்பிவந்தனர். அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிப்பார் இல்லை. அவர்கள் தெருவில் விளையாடித் திரிந்தனர். நோயும் நீங்கவில்லை, படிப்பும் நின்றது.

அவ்வாண்டு அக்டோபரில் லீனா ரோஜர்ஸ் என்னும் செவிலியர் நான்கு பள்ளிகளில் ஒரு மாதச் சோதனை முயற்சியாகப் பணியமர்த்தப்பட்டார். அவர் சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். மாலையில் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்குத் தூய்மை முறைகளைக் கற்பித்தார். முயற்சி வெற்றி பெறவே, செவிலியர் பலர் நியமிக்கப்பட்டனர். 1902 செப்டம்பரில் 10,567 ஆக இருந்த நோய்வழி நீக்கங்கள் அடுத்த ஆண்டு செப்டம்பரில் 1,101 ஆகக் குறைந்தன. நோயுற்ற மாணவரை விலக்கி வைப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அவரை மீண்டும் வகுப்பறையில் அமர்த்துவதே பணியின் நிறைவாகும்.

ஒரு வினாவின் ஆற்றல்

இன்றைய திருவனந்தபுரம் ஒரு கல்வி நகரம். 1937ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனமே இன்றைய கேரளப் பல்கலைக்கழகம். 1951ஆம் ஆண்டு அங்கு மருத்துவக் கல்லூரியும் தோன்றியது. பல ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயில்வோர் ஒருபுறம். நாகர்கோவில் முதலிய ஊர்களிலிருந்து நாள்தோறும் தொடர்வண்டியில் வந்து செல்வோர் மறுபுறம்.

அவ்வாறு வரும் மாணவி ஒருத்தி கல்லூரியின் உடல்நல அறைக்குள் நுழைவதாக எண்ணிப் பார்ப்போம்.

“தலை சுற்றுகிறது சிஸ்டர். ஒரு மாத்திரை தந்தால் வகுப்புக்குப் போய்விடுவேன்.”

“மாத்திரை இருக்கட்டும் மோளே, முதலில் உட்கார். காலையில் என்ன சாப்பிட்டாய்?”

மாணவி தலைகுனிகிறாள். வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் அவள் காலையுணவு உண்டு பல நாளாகிறது. செவிலியர் அவளுடைய கீழ் இமையை விலக்கிப் பார்க்கிறார், அது வெளுத்திருக்கிறது. குருதிச் சோதனைக்கு அனுப்புகிறார். வளரிளம் பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறையாமல் ஹீமோகுளோபின் இருத்தல் வேண்டும். குறைந்தால் களைப்பும் மறதியும் கவனச்சிதறலும் தோன்றும். ‘படிப்பில் மந்தம்’ என்று பிறர் கருதுவது உண்மையில் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். நாடெங்கும் பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையின் நோக்கமும் இதுவே. அதனை உணவுக்குப் பின் உண்ண வேண்டும், உடனே தேநீர் பருகலாகாது என்பன போன்ற சிறு செய்திகளைச் சலிப்பின்றிச் சொல்பவரும் செவிலியரே.

மழைக்காலத்தில் மாணவர் ஒருவர் காய்ச்சலுடன் வந்தால், “தேங்கிய நீரில் நடந்தாயா? காலில் புண் உண்டா?” என்று கேட்பார். எலிக்காய்ச்சல் அவ்வழியே பரவும். விடுதியில் ஒருவருக்குச் சின்னம்மை கண்டால், கொப்புளங்கள் காய்ந்து பொருக்காகும்வரை அவரைத் தனித்திருக்கச் செய்வார். அந்நாள்களில் தோழர்கள் பாடக்குறிப்புகளை அனுப்பவும் ஏற்பாடு செய்வார்.

நம்பிக்கை என்னும் மருந்து

உடலில் தோன்றும் வலி அனைத்தும் உடலிலேயே பிறந்தவை அல்ல. தேர்வு நெருங்கும்போது வயிற்றுவலி என்று அடிக்கடி வரும் மாணவருக்கு உறக்கம் கெட்டிருக்கலாம். வீட்டுக் கடன் நினைவில் உறுத்தலாம். வரிசையில் பலர் காத்திருக்கையில் அவர் அதைச் சொல்லமாட்டார். கதவைச் சாத்தி, இருக்கையை அருகே இழுத்து அமரும் செவிலியரிடம் சொல்வார். அவர் சொன்னது அந்த அறையைவிட்டு வெளியேறாது என்னும் உறுதியே அங்கு முதல் மருந்து.

ஆயினும் உயிருக்கு இடர் நேரும் நிலை தோன்றினால் செவிலியர் மௌனம் காக்கலாகாது. “இதை நான் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்; உன்னுடன் நானும் வருவேன்” என்று ஒளிவின்றிக் கூறுவதே அறம். மனநலத் துணை வேண்டுவோர்க்காக ‘டெலி மானஸ்’ என்னும் 14416 எண் எந்நேரமும் செயற்படுகிறது என்பதையும் அவர் அறிவுறுத்துவார்.

பயிற்சியும் பொறுப்பும்

செவிலியர் மேற்பயிற்சி பெற்றால் நோயைத் தாமே ஆராய்ந்தறிந்து சிகிச்சையும் வழங்கலாம் என்னும் எண்ணம், 1965ஆம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் செயல்வடிவம் பெற்றது. செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் மருத்துவர் ஹென்றி சில்வரும் அப்பயிற்சியைத் தொடங்கினர். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவர் நல நிலையங்களில் இத்தகைய செவிலியர் பலர் பணிபுரிகின்றனர். இந்தியச் செவிலியர் மன்றமும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இதுபோன்ற ஈராண்டு முதுநிலைப் படிப்பை வகுத்துள்ளது. மாணவர் நலத்துறைக்கும் அது விரிவடையுமானால் பயன்பெறுவோர் பலராவர்.

எனினும் பட்டமும் அதிகாரமும் எவ்வளவு வளர்ந்தாலும் கண்டறிதல், கேட்டறிதல் என்னும் செவிலித்தாயின் இரு பண்புகளுக்கு அவை ஈடாகா. “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்னும் எளிய வினா ஒரு மாணவியின் கல்வியையே காக்க வல்லது. அந்த வினாவைக் கேட்க ஒருவர் இருக்கும் கல்விக்கூடமே நிறைவான கல்விக்கூடம்.

சிந்தித்து விடையளிக்க

1. செவிலித்தாய்க்கும் கல்லூரிச் செவிலியருக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. நோயுற்ற மாணவரை வீட்டுக்கு அனுப்புவது மட்டும் ஏன் போதுமானதன்று? நியூயார்க் நிகழ்ச்சி கொண்டு விளக்குக.
3. ஒருவர் நம்பிச் சொன்ன செய்தியை எப்போது மறைக்க வேண்டும், எப்போது மறைக்கலாகாது? உம் கருத்தை எழுதுக.